இரட்டை மார்க்கா

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டுக்கும் இந்தப் புத்தகங்கள் வந்திருக்கும். ஜப்பான்காரர்கள் போடுகிற படக்கதை, மங்கா என்கிறார்கள். பின்னட்டையில் தொடங்கி முன்னட்டைக்கு வரவேண்டும். என் தம்பியின் பேத்தி கட்டுக்கட்டாக வைத்திருக்கிறாள். போன வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் கொல்லத் துடித்த இரண்டு பேர் எப்படி உயிர்த்தோழர்கள் ஆனார்கள் என்று ஒரு மணி நேரம் விளக்கினாள். முதலில் சண்டையாம். ஒருவன் தோற்பானாம். பிறகு இரண்டு பேரையும்விடப் பெரிய எதிரி ஒருவன் வருவானாம். உடனே முதுகோடு முதுகு சேர்த்து நிற்பார்களாம்.

"எல்லாக் கதையிலயும் இப்படித்தான் பெரிய மாமி. பொது எதிரி வந்தா கூட்டாயிடுவாங்க," என்றாள்.

"பொய்!" என்று கத்திவிட்டேன். பிள்ளை மிரண்டு புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். அன்று அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள். கேட்டு முடித்துவிட்டு, "அப்பல்லாம் அப்படித்தானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அறுபதுகள் தொடங்கின சமயம். எனக்குப் பதினொரு வயது. கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அத்தாவுக்கு, என் தகப்பனாருக்கு, சுக்கு வியாபாரம். சுவரை ஒட்டின அடுத்த கிடங்கும் சுக்குதான். அதன் முதலாளியும் எங்களைப் போலவே தமிழ் பேசுகிற ராவுத்தர். ஒரே பள்ளிவாசல், ஒரே படகுத்துறை, இரண்டு கிடங்குக்கும் பொதுவாக ஒரே முற்றம். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. எப்போதோ ஒரு சரக்கை ஒருவர் முந்திக்கொண்டார் என்ற சண்டை. யார் முந்தினார் என்பதுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. முற்றத்தின் நடுவே செங்கல்லை வரிசையாகப் பதித்திருந்தார்கள். சுண்ணாம்பு போட்டு வெளுத்த சுக்கு இரண்டு பக்கமும் காயும். இந்தப் பக்கத்துத் துண்டு அந்தப் பக்கம் உருண்டால் அது அங்கேயே கிடக்கவேண்டும். அந்தத் தூசி மூக்கில் ஏறினால் தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வரும். இரண்டு முதலாளிகளும் வரிசைக்கு இரண்டு பக்கமும் நின்று ஒரே மாதிரித் தும்முவார்கள். ஒருவர் தும்மலுக்கு மற்றவர் காது கொடுக்கமாட்டார்.

அந்த முதலாளியின் மகள் என் வகுப்பு. எங்களுக்கு வேறு என்ன வழி? நாங்களும் எதிரிகள்தான். அவள் என் சிலேட்டில் எச்சில் துப்புவாள். நான் அவள் குடைக்கம்பியை வளைத்துவைப்பேன்.

இதில் படக்கதை எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் அம்மா உத்தமபாளையத்துக்காரி. எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளம்தான். எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அம்மா. அம்மாவுக்காக மாமா ஊரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவார். அதன் நடுப்பக்கத்தில் ஒரு கடல் சாகசப் படக்கதை தொடராக வந்தது. ஒரு தளபதி, ஒரு கொள்ளையன். தளபதி கொள்ளையனைத் துரத்திக்கொண்டே இருப்பான். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் மடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். ஒருநாள் அவள் பிடுங்கிப் பார்த்தாள். மறுநாள் தன் நோட்டில் அச்சு அசலாக வரைந்து வந்தாள். அலையெல்லாம் நனைவது போல இருந்தது. எனக்கு எரிந்தது.

"எடீ, இவனாக்கும் நாயகன்," என்று கொள்ளையன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அவன் கள்ளன்டி. கீழ எழுதியிருக்குல்ல?"

"எழுதினவன் பொய் பறயும். வரைஞ்சவன் பறயமாட்டான்."

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. படத்தை மட்டும் பார்த்து அவளாக ஒரு கதை வைத்திருந்தாள். வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து எழுத்தையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. வரைந்தவருக்குக் கொள்ளையன் மேல்தான் பிரியம். அவனுக்கு மட்டும் பொறுமையாக விரல் விரலாக வரைந்திருந்தார். தளபதிக்குக் கை என்று ஒரு கட்டை. இதை அவளிடம் ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அப்புறம் அந்தத் தொடர் நின்றது. பத்திரிகையே நின்றுபோனது என்று மாமா எழுதினார். கடைசியாக வந்த பக்கத்தில் இருவரும் மலை விளிம்பில் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் தொங்குகிறார்கள். ஒருவன் விட்டால் இரண்டு பேரும் போனார்கள். அதோடு சரி. இடைவேளையில் அவளே என்னிடம் வந்தாள்.

"நான் வரையாம். நீ எழுது. இல்லெங்கில் ரெண்டும் சாகும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று. அவள் ஒருநாள் வைத்திருப்பாள், நான் ஒருநாள். அவள் படம் போட்டுப் பலூனைக் காலியாக விடுவாள். நான் பேச்சை எழுதி, மறுநாள் காலையில் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் எச்சில் தொட்டு அழித்துவிடுவாள். தளபதி என் ஆள், கொள்ளையன் அவள் ஆள். கப்பலுக்குக் கொடி வேண்டுமே? கண் முன்னாலேயே இருந்தது. எங்கள் மூட்டைக்கு வட்டத்துக்குள் நட்சத்திர மார்க்கா, அவர்கள் மூட்டைக்கு முக்கோணத்துக்குள் நங்கூர மார்க்கா. தளபதிக்கு நட்சத்திரம், கொள்ளையனுக்கு நங்கூரம்.

மார்க்கா என்றதும் அந்த மனிதரைச் சொல்லவேண்டும். தகரத்தில் வெட்டிய அச்சைச் சாக்கின் மேல் வைத்து, கரியும் மண்ணெண்ணெயும் கலந்த மையைப் பிரஷ்ஷால் தேய்த்து மார்க்கா போடுகிறவர். மார்க்கா மாமா என்போம். சுள்ளிக்கல்லிலிருந்து நடந்து வருவார். காலையில் எங்கள் கிடங்கு, மத்தியானத்துக்குமேல் அவர்கள் கிடங்கு. பேச்சில்லாத இரண்டு வீட்டின் அச்சும் ஒரே ஆள் கையில்! அதனால் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எங்கள் அச்சை வடக்குச் சுவரில் மாட்டுவார், அவர்கள் அச்சைத் தெற்குச் சுவரில். கிடங்கு மாறும்போது பிரஷ்ஷையும் கையையும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஒரு வீட்டு மை அடுத்த வீட்டுச் சாக்கில் படக்கூடாது. ஒரே சாக்கில் இரண்டு மார்க்கா விழுந்தால் பஜாரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஒருவன் சரக்கை இன்னொருவன் பேரில் விற்கிறார்கள். இரட்டை மார்க்கா என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள்.

நாங்கள் அந்த முற்றத்தில் வளர்ந்த பிள்ளைகள். எங்களுக்கு இது தெரியாமலா இருந்தது? தெரியும். கொடி வரைகிற சந்தோஷத்தில் மறந்துபோனோம்.

நோட்டுக்குத் திரும்புகிறேன். பகைவர்கள் தோழர்களாவது அத்தனை சுலபமாக இல்லை. கயிற்றில் தொங்கியபடி இரண்டு பக்கம் முழுக்கத் திட்டிக்கொண்டார்கள். மேலே ஏறினதும் தளபதி அவனைக் கட்டிப்போட்டான். கட்டிப்போட்டவனுக்கு இவனேதான் சோறு ஊட்டவேண்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். பிறகு ஒரு தீவு, இருவருக்கும் ஒரே ஒரு குடம் தண்ணீர். காலையில் பார்த்தால் பாதிக் குடம் காணோம். நண்டு குடித்துவிட்டது என்று எழுதினேன்.

"ஒரு பாதிக் குடம் வெள்ளத்த நண்டு குடிச்சுதா? எத்தற வலிய நண்டு?" என்றாள்.

"பின்ன யாரு குடிச்சது?"

"உன் ஆளு. அவன் ஒத்துக்கணும்."

"தளபதி திருடமாட்டான்."

"திருடலாம். ஒத்துக்காம இருக்கக்கூடாது. ஒத்துக்காட்டி என் ஆளு அவனோட கூட்டாகமாட்டான். நான் இனி வரையமாட்டேன்."

நான்கு நாள் பேசவில்லை. சிலேட்டில் மறுபடி எச்சில். ஐந்தாம் நாள் நண்டை அடித்துவிட்டு எழுதினேன்: 'நான்தான் குடிச்சேன்.' வாசித்துக் காட்டினபோது என் முகம் சுட்டது, நானே குடித்த மாதிரி. அவள் நோட்டை வாங்கிக்கொண்டாள். அடுத்த கட்டத்தில் கொள்ளையன் மிச்சத் தண்ணீரைத் தளபதியிடம் நீட்டுவதாக வரைந்தாள். "இப்போ கூட்டாயி," என்றாள். "தோத்தா கூட்டாகாதுடி. ஒத்துக்கிட்டாத்தான்."

பதினொரு வயதுப் பெண் சொன்னது இது. தாடி வைத்த பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

தோழர்களானபின் அவர்களுக்கு ஒரே கப்பல், ஒரே கொடி. வட்டத்து நட்சத்திரம் ஒருபக்கம், முக்கோணத்து நங்கூரம் ஒருபக்கம், இரண்டையும் சுற்றி ஒரு கயிறு. அந்தக் கயிறு அவள் யோசனை. நோட்டில் சின்னதாகப் போட்டதும் எங்களுக்குப் போதவில்லை. நிஜக் கொடியாகவே செய்துவிடலாம் என்று சொன்னது நான். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சொன்னது நான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் முற்றம் காலியாக இருக்கும். ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். காலிச் சாக்கு ஒன்றை எடுத்து விரித்தோம். வடக்குச் சுவரிலிருந்து நட்சத்திர அச்சை நான் எடுத்தேன், தெற்கிலிருந்து நங்கூரத்தை அவள் எடுத்தாள். என் பக்கத்தை நான் தேய்த்தேன், அவள் பக்கத்தை அவள். கயிற்றை மட்டும் அச்சில்லாமல் வெறும் கையால், ஒரே இழுப்பில் சுற்றிப் போட்டாள். முறுக்கு முறுக்காக அப்படியே கயிறு. செங்கல் வரிசையின் மேல் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் அதற்குப் பிறகு நின்றதில்லை.

வெளியே செருப்புச் சத்தம். அச்சுகளை மாட்டினோம். பிரஷ்ஷைக் கழுவ நேரமில்லை. சாக்கைச் சுருட்டிக் காலிச் சாக்குக் குவியலில் செருகிவிட்டு ஓடினோம். திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். திங்கட்கிழமை குவியலே இல்லை. சரக்கு நிரப்பித் தைத்து அடுக்கியிருந்தார்கள்.

புதன்கிழமை படகுத்துறையில் வள்ளத்தில் ஏற்றும்போது அது கண்ணில் பட்டது. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அந்த மூட்டை முற்றத்தின் நடுவில் கிடந்தது. சுற்றிலும் ஆட்கள். மார்க்கா மாமா நடுவில் நின்றார். அத்தா செங்கல் வரிசையைத் தாண்டி அந்தப்பக்கம் போய் நின்றார். நான் பிறந்து முதல்தடவையாகப் பார்க்கிறேன். அடுத்த கிடங்கு முதலாளியின் தோளுக்குப் பக்கத்தில் அத்தாவின் தோள்.

"யாருக்காகப்பா இந்த மார்க்கா? எங்க ரெண்டு பேர் சரக்கையும் சேத்து விக்கிற மூணாவது ஆளு யாரு?" என்றார் அத்தா.

"ரெண்டு வீட்டு உப்பையும் தின்னுட்டு ரெண்டு வீட்டையும் வித்திருக்கான்," என்றார் அடுத்த கிடங்கு முதலாளி. "சொல்லுங்க பாய், விடப்படாது."

பாய்! பல வருஷம் பேசாத மனிதர் என் அத்தாவைப் பாய் என்றார். அத்தாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவர்களுக்குப் பொது எதிரி கிடைத்துவிட்டான். முழங்கைவரை மை ஏறின, காலில் செருப்பில்லாத ஒரு எதிரி.

மார்க்கா மாமா தலையைத் தூக்கவில்லை. "நான் போட்டதில்ல முதலாளி," என்று ஒரேதரம் சொன்னார். பிரஷ் கழுவாமல் இருந்ததை வெள்ளிக்கிழமையே பார்த்திருப்பார். யார் தொட்டார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பிள்ளைகளைத் தொடவிட்டேன் என்றாலும் வேலை போகும், போட்டேன் என்றாலும் போகும். எங்கள் பெயரைச் சொல்லி எங்களுக்கும் அடி வாங்கித் தருவானேன் என்று நினைத்திருக்கலாம். இது இப்போது புரிகிறது. அப்போது அவர் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நான் கிடங்குக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கையில் நோட்டு இருந்தது. அவள் என் பக்கத்திலிருந்து நடந்து முற்றத்துக்குப் போனாள்.

"அத்தா, அது நான் போட்டது."

யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. இன்னொருதரம் சத்தமாகச் சொன்னாள். அவள் அத்தா சிரித்தார்.

"இந்த வளைவப் பாருங்க பாய். பொட்டப்புள்ள கை போடுமா இத?"

"சாக்கும் மையும் தாங்க. இப்போ போட்டுக் காட்டறேன்," என்றாள்.

ஒரு சாக்கு. ஒரு பிரஷ். முற்றம் முழுக்க அதுதானே இருந்தது! அதைக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அந்தக் கயிறு எந்த அச்சிலும் இல்லை, மார்க்கா மாமா ஆயுசில் அச்சில்லாமல் ஒரு கோடு இழுத்ததில்லை, இது இரண்டு முதலாளிக்கும் தெரியும். கண்ணை வைத்துக்கொண்டு பார்க்கவில்லை. பிள்ளை சொல்வது நிஜமாக இருந்தால் அவர்கள் மறுபடி செங்கல் வரிசைக்கு இரண்டு பக்கமும் போய் நிற்கவேண்டும். அதற்கு அவர்களுக்கு மனசில்லை. இதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"யாரு சொல்லச் சொன்னா? இவனா?" என்று அவள் அத்தா கன்னத்தில் அறைந்தார். "கூட யாரு?"

அவள் கதவிடுக்கைப் பார்த்தாள். என் கண்ணை நேராகப் பார்த்தாள். ஒரு நொடி இல்லை, நிறைய நேரம் பார்த்தாள். பிறகு, "நான் தனியா," என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்களில் ஆகாது என்கிற உருவப்படம் வரைகிறோம் என்று தெரிந்தால் அத்தா பெல்ட்டை எடுப்பார் என்ற பயம். அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு பெல்ட். அதற்காக ஒரு மனிதனுடைய வேலையையும் என் கூட்டுக்காரியையும் கைவிட்டேன். பெரியவர்கள் மேல் எனக்குள்ள கோபம் எவ்வளவோ, அதே அளவு கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண் மேலும் இருக்கிறது. பதினொரு வயதுதானே என்று யாரும் எனக்குச் சலுகை தரவேண்டாம். அவளுக்கும் பதினொன்றுதான்.

மார்க்கா மாமாவை அன்றே அனுப்பினார்கள். அவர் போகுமுன் குழாயடியில் பிரஷ்ஷைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். பிறகு தோப்பும்படியில் சுமை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டோம். பஜாரில் இரட்டை மார்க்காக்காரன் என்று பெயர் வாங்கினவனுக்கு எவன் அச்சைக் கொடுப்பான்? ஒருநாள் பாலத்தடியில் எதிரே வந்தார். தலையில் சும்மாடு. "மோள் நல்லா படிக்கியோ?" என்று மட்டும் கேட்டார். நான் ஓடிவிட்டேன், அப்போதும்.

அவளைப் பொய் சொல்கிற பெண் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கம்பத்தில் அவள் மாமி வீட்டுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன்தினம், இரண்டு வீட்டுக்கும் துணி வெளுக்கிற அக்கா மூட்டைக்குள்ளிருந்து அவள் கொடுத்தனுப்பின ஒரு தாளை எடுத்து என் பாவாடைக்குள் செருகினாள். நோட்டு என்னிடம் இருந்ததால் அவள் தனித்தாளில் வரைந்திருந்தாள். பழைய மலை விளிம்பு. கொள்ளையன் கயிற்றில் தொங்குகிறான். மேலே தளபதி நிற்கிறான். இந்தத்தரம் தளபதிக்கும் விரல் விரலாக வரைந்திருந்தாள். கயிறு அவன் கையில் இருக்கிறதா, காலடியில் கிடக்கிறதா என்று தெரியாதபடி ஒரு பாறை மறைத்தது. தளபதி வாயிலிருந்து ஒரு பலூன். காலி.

கோபத்தின் உச்சத்தை இன்னும் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஆகவில்லை, இரண்டு முதலாளிகளும் வியாபாரத்தைச் சேர்த்தார்கள். செங்கல் வரிசையைப் பெயர்த்தார்கள். நெய்ச்சோறு போட்டார்கள். புதுக் கூட்டுக்குப் புது மார்க்கா வேண்டுமல்லவா? வட்டத்து நட்சத்திரம், முக்கோணத்து நங்கூரம், இரண்டையும் சுற்றி ஒரு கயிறு. எங்கள் கொடி! தகரத்தில் வெட்டி, வேறு ஒரு ஆளை வைத்து, ஆயிரக்கணக்கான சாக்கில் தேய்த்தார்கள். "நல்லா இருக்குல்ல?" என்று அத்தா என்னிடமே கேட்டார். எங்கே பார்த்தோம் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நோட்டை அடுப்பில் போட்டேன். அந்தத் தாளை மட்டும் போடவில்லை.

ரொம்ப வருஷம் கழித்துச் சுள்ளிக்கல்லில் ஒரு நிக்காஹ் வீட்டில் அவளைப் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை. மடியில் யாருடைய குழந்தையோ. நான் பேர் சொல்லுமுன்னே என்னைக் கண்டுகொண்டாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"எழுதியாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

தலையை ஆட்டிவிட்டுக் குழந்தைக்குச் சோறு பிசைய ஆரம்பித்தாள்.  போகும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பத்தில் காலமாகிவிட்டாள் என்று செய்தி வந்தது. மார்க்கா மாமா என்றைக்கோ போய்விட்டார். அந்த இரண்டு பெரிய மனிதர்களும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கியிருக்கிறார்கள். கேட்க யாரும் இல்லாதபின் எழுதுவது கோழைத்தனம் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நேற்றுத் தம்பியின் பேத்தியைக் கூப்பிட்டுப் பேனா வாங்கினேன். தாள் பழுத்து ஓரம் உதிர்கிறது. பலூன் இரண்டு வார்த்தை கொள்கிற அளவுக்குத்தான் இருந்தது. நான் சொல்லவேண்டியிருந்த வார்த்தைகளுக்கு என் கூட்டுக்காரி அளவெடுத்தே போட்டிருக்கிறாள். எழுதினேன். பிள்ளை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். "நான்தான் போட்டேன்."

"யாரு, என்ன போட்டாங்க பெரிய மாமி?" என்றாள்.

உட்காரச் சொன்னேன்.